இப்னு கல்தூனின் குரங்குகளும் பத்தாம் வகுப்புப் பாடநூலும்

அல்லாமா இப்னு கல்தூன் கி.பி. 1377இல் இயற்றிய ‘முகத்திமா’வில் கனிமம், தாவரம், விலங்கு எனப் படைப்பின் படிநிலைகளை விவரிக்கிறார். ஒவ்வொரு படியின் மேல்விளிம்பும் அடுத்த படியின் தொடக்கத்தை ஒட்டியிருப்பதாகக் கூறும் அவர், சிந்திக்கும் மனிதனுக்கு முந்தைய படியாகக் குறிப்பிடுவது ‘ஆலமுல் கிரதா’, அதாவது குரங்குகளின் உலகம். அச்சுப் பதிப்புகள் சிலவற்றிலோ இது ‘ஆலமுல் குத்ரா’ (ஆற்றலின் உலகம்) என்றுள்ளது. ராவும் தாலும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே. அச்சுக் கோத்தவரின் கைப்பிழையா, குரங்கைக் கண்டு கூசியவரின் திருத்தமா என்ற ஆய்வில் நாம் இறங்கவில்லை. எதுவாயினும் வாக்கியம் பொருளிழந்து நிற்கிறது. 1958இல் வெளிவந்த ரோசந்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘குரங்குகள்’ என்றே கொண்டது.

இதை இங்கு நினைவுகூரக் காரணம் உண்டு. நம் காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே பின்பற்றின. அண்மை ஆண்டுகளில் மத்திய வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறின. அதே காலத்தில் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்த ‘மரபுவழியும் பரிணாமமும்’ எனும் பாடம், 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் வெறும் ‘மரபுவழி’ ஆயிற்று. அறிவியலாளர், ஆசிரியர் என 1800க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தும் பயனில்லை. வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கோ பத்தாம் வகுப்பிலேயே ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ உண்டு.

நம்மவருள் இந்நீக்கத்தை நற்செய்தியாகக் கருதுவோர் இருக்கக்கூடும். அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஆதம் (அலை) அவர்களின் படைப்பு குறித்த நம் நம்பிக்கை வஹீயைச் சார்ந்தது. பள்ளிப் பாடமொன்றை நீக்கிக் காக்கவேண்டிய நிலையில் அது இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை ‘தஹாஃபுத்’தில் மறுத்தார்கள், அவர்களுடைய கொள்கைகளை உள்ளவாறே ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’வில் எடுத்துரைக்கவும் செய்தார்கள். இலத்தீனில் அதைப் படித்த ஐரோப்பியர் இமாமையே தத்துவவாதி என மயங்கும் அளவுக்கு அந்த எடுத்துரைப்பு நேர்மையாக இருந்தது.

நம் மேடைகளில் மறுக்கப்படுவது எது? ‘கொரில்லாவிலிருந்து மனிதன் பிறந்தான்’ என்பது. அறிவியல் அவ்வாறு கூறவேயில்லை. இரண்டிற்கும் பொதுவான மூதாதை ஒன்றிலிருந்து, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளைகள் பிரிந்தன என்பதே அதன் கூற்று. 2012இல் கொரில்லாவின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. (ஆய்வுக்குள்ளான பெண் கொரில்லாவின் பெயர் காமிலா, நமக்குப் பழகிய அரபுப் பெயர்தான்!) மனிதனுக்கு மிக நெருங்கியது சிம்பன்சியே என அது உறுதிசெய்தது. எனினும் மரபணுத்தொகுதியின் 30 விழுக்காட்டில், மனிதனும் சிம்பன்சியும் தம்முள் கொண்ட நெருக்கத்தைவிட, அவ்விரண்டில் ஒன்றோடு கொரில்லா கொண்ட நெருக்கம் மிகுதி என்றும் காட்டியது. உறவு நேர்க்கோடாக இல்லை.

‘டார்வினுக்கு முன்பே இப்னு கல்தூன் சொல்லிவிட்டார்’ எனப் பெருமை பேசுவோரும் பாடத்தைப் படிக்காதவரே. அவர் பேசியது படைப்பின் படிவரிசை. இயற்கைத் தேர்வோ பொது மூதாதையோ அங்கில்லை.

மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், கொரில்லாவுக்கு 48. முன்னோரிடம் தனித்தனியே இருந்த இரண்டு இணைந்தே மனிதனின் இரண்டாம் குரோமோசோம் ஆயிற்று என்பதற்கு, இணைந்த இடத்தின் தடயத்தையே அறிவியலாளர் காட்டுகின்றனர். இதற்கு நம் மறுப்பு யாதென நாகூர்ப் பிள்ளை கேட்கக்கூடும். காரைக்கால் பிள்ளைக்கு அக்கேள்வியே எழாது.