ஒரே டிஸ்க், ஐந்து வழி

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டருக்குள் 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று, லேபிளில் ஏடிஏ/100 என்ற பெருமை. இப்படிப்பட்ட டிஸ்கிலிருந்து படங்களை வெளியே எடுக்க எந்த வழி வேகம்? 700 எம்பி வீடியோ ஃபைல் ஒன்றை ஐந்து வழிகளில் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்து, ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் மெஷினை அணைத்துப் போட்டேன். இல்லாவிட்டால் விண்டோஸ், ரேமில் பதுக்கி வைத்திருப்பதையே எடுத்துக் கொடுத்து ஏமாற்றிவிடும்.

ஐடிஇ: பட்டைக் கேபிள்தான் சூட்சுமம்

முதல் ஓட்டமே சொதப்பல். காப்பி ஊர்ந்தது, மவுஸ் விக்கி விக்கி நகர்ந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், டிஎம்ஏ இருக்கவேண்டிய இடத்தில் ‘பிஐஓ’. காரணம், மடிந்து நைந்துபோயிருந்த கேபிள். டேட்டா போகும் வழியில் பிழை வந்துகொண்டே இருந்தால், எக்ஸ்பி ஆறு முறை பொறுத்துப் பார்த்துவிட்டு, வேகத்தை ஒரு படி இறக்கும். இறங்கி இறங்கிக் கடைசியில் நிற்கும் இடம் பிஐஓ. அங்கே டேட்டாவை அள்ளிப்போடும் கூலி வேலையை பிராசசரே பார்க்கவேண்டும். கேபிளை மாற்றி, அந்த ஐடிஇ சேனலை டிவைஸ் மேனேஜரில் நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. 16 விநாடி, அதாவது விநாடிக்கு சுமார் 44 எம்பி.

அடுத்து, சிடி டிரைவோடு வந்த 40 வயர் கேபிளைப் போட்டேன். 25 விநாடி. இரண்டுக்கும் கனெக்டரில் அதே 40 துளைதான். ஆனால் 80 வயர் கேபிளில் கூடுதலாக இருக்கும் 40-ம் கிரவுண்ட். சிக்னல் வயர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று ஒட்டுக் கேட்காமல் இருக்க, நடுநடுவே போட்ட வேலி. வேலி இல்லை என்றால் மதர்போர்டு 33 எம்பிக்கு மேல் அனுமதிக்காது.

சரி, லேபிளில் 100 என்று இருக்க, 44 மட்டும் ஏன்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! 100 என்பது அகப்பையின் அளவு. சுழலும் தட்டிலிருந்து ஹெட் படித்தெடுக்கிற வேகம்தான் சட்டி. அந்தக் காலத்தில் ஏடிஏ/133 போர்டு வாங்கிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவர்களுக்குப் பெரிய லாபம் கிடைக்காததும் இதனால்தான். 2003-ல் வந்த சாட்டாவும் அப்படியே. முதல் தலைமுறைக்கு 1.5 ஜிகாபிட், ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவழிப்பதால் 150 எம்பி. மெல்லிய கேபிள், ஜம்பர் தொல்லை இல்லை என்ற சௌகரியம் கிடைத்தது. வேகம் டிஸ்கைப் பொறுத்தே இருந்தது.

யுஎஸ்பியும் ஃபயர்வயரும்

காகிதத்தில் யுஎஸ்பி 2.0 ஜெயிக்கவேண்டும்: 480 மெகாபிட். ஃபயர்வயருக்கு 400தான். டிஸ்கை அடாப்டரில் மாட்டியபோது யுஎஸ்பி 24 விநாடி எடுத்தது. பழைய ஃபயர்வயர் பெட்டியில் போட்டபோது 19. யுஎஸ்பியில் ஒவ்வொரு அசைவுக்கும் கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டும். அந்தப் பேச்சுவார்த்தையிலேயே கணிசமான நேரம் போய்விடும். எட்டால் வகுத்தால் வருகிற 60 எம்பியில் முப்பதைத் தொட்டாலே நல்ல மார்க். மினிடிவி கேமரா வைத்திருந்த கல்யாண வீடியோக்காரர்கள் ஃபயர்வயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அர்த்தம் உண்டு.

கடைசியாக, பயாஸில் யுஎஸ்பி 2.0-வை அணைத்து 1.1-க்கு இறக்கினேன். 12 மெகாபிட். காப்பியைத் தட்டிவிட்டு, காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 12 நிமிடம். ஒரு மணி நேர மினிடிவி டேப் சுமார் 13 ஜிபி. இந்த வேகத்தில் அதைக் காப்பி செய்ய மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். படத்தைப் பார்த்து முடிப்பதே சீக்கிரம். சட்டி நிறைய இருந்தும் அகப்பையாக டீஸ்பூன் வாய்த்த கதை.

பொடி ஃபைல் சோதனை

5,000 சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை எடுத்தபோதுதான் சுவாரசியம். நல்ல ஐடிஇ கேபிளில் இரண்டே கால் நிமிடம், யுஎஸ்பி 2.0-வில் இரண்டரை. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹெட் இடம் தேடி நகர சுமார் 9 மில்லிவிநாடி, தட்டு சுற்றி வர சராசரியாக இன்னும் 4. விநாடிக்கு எழுபது, எண்பது தாவலுக்கு மேல் அதால் முடியாது. எந்தக் கேபிளைப் போட்டாலும் இந்தத் தாவல் குறையாது.

எதை வாங்கலாம்?

வீட்டில் பழைய டிஸ்க் இருந்தால் ஐடிஇ, சாட்டா இரண்டும் உள்ள யுஎஸ்பி அடாப்டர் போதும். 16 விநாடிக்கும் 24 விநாடிக்கும் இடையிலான எட்டு விநாடிக்காகப் பழைய மதர்போர்டைத் தேடி அலையவேண்டாம். இரண்டை மட்டும் கவனியுங்கள். 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், எனவே தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப் ஐடிஇ டிஸ்கில் 44 பின் இருக்கும், அதற்கான சாக்கெட்டும் இருக்கவேண்டும். மாட்டியதும் முதல் வேலை, படங்களைக் காப்பி எடுப்பது. நானும் அதை முடித்த பிறகுதான் ஸ்டாப்வாட்சைத் தொட்டேன். இருபது வருடச் சட்டி எப்போது ஓட்டையாகும் என்று யாருக்குத் தெரியும்?