சமய மர்ம நாவலை ரசிப்பது எப்படி?

2003ஆம் ஆண்டில் வெளிவந்து எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்ற டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ நாவலை ஆவலோடு படித்து முடித்த வாசகர்களில் கணிசமானோர், கடைசிப் பக்கத்தைக் கடந்ததும் ஏதோ கைநழுவிப் போனதாக உணர்கின்றனர். இந்த ஏமாற்றத்தை வாசகரின் ரசனைக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. அது எங்கிருந்து எழுகிறது என்று தேடிப் பார்ப்பதே, சமயத்தின் வரலாற்றையும் குற்றத்தின் துப்பறிதலையும் பின்னிச் செல்லும் ‘சமய மர்ம நாவல்’ என்னும் வகையை ரசிக்கக் கற்பதற்கு ஏற்ற தொடக்கமாகும்.

இந்நாவலின் கட்டமைப்பில் தேர்ந்த தொழில்திறன் உண்டு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அதன் காப்பாளர் கொல்லப்படுவதில் தொடங்கும் கதை, ஓரிரு நாள்களுக்குள் அடங்கும் துரத்தலை 105 குறு அத்தியாயங்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விடை தெரியாத இடத்தில் நிறுத்துகிறது. அந்த வேகத்தை வேகமாகவே ரசிக்கலாம். ஆனால் மாந்தர்கள் மனிதர்களாக வளராமல் தகவலைச் சுமந்து வந்து விரிவுரையாற்றிச் செல்பவர்களாகவே நின்றுவிடுவதால், புதிர் அவிழ்ந்தபின் நினைவில் தங்க எவரும் எஞ்சுவதில்லை.

இதைவிட ஆழமான ஏமாற்றம், நூலின் முகப்பில் உள்ள ‘உண்மை’ என்னும் பக்கத்திலிருந்து பிறக்கிறது. கலைப்படைப்புகள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் பற்றிய வருணனைகள் துல்லியமானவை என்று அது வாக்களிப்பதோடு, ‘சீயோன் மடம்’ என்னும் இரகசியச் சங்கம் 1099இல் நிறுவப்பட்டதாகவும் அறிவிக்கிறது. நாவல் காட்டும் அச்சங்கமோ 1956இல் பியேர் பிளாந்தார் என்னும் பிரெஞ்சுக்காரரும் அவருடைய நண்பர்களும் பதிவுசெய்த ஒன்று. அதன் தொன்மைக்குச் சான்றாகப் பிரான்சின் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்ட ஆவணங்கள் போலியானவை. அவ்வாறே, இயேசுவின் இறைத்தன்மை 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கத்தில், அதாவது ஆயர்கள் கூடிய திருச்சபை மாமன்றத்தில், சொற்ப வாக்கு வேறுபாட்டில் முடிவானதாக ஒரு பாத்திரம் கூறுவதும் வரலாற்றோடு பொருந்தாது. மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே இயல்பினரா என்பதே அங்கு எழுந்த வழக்கு; அதன் முடிவை ஏற்று இறுதிவரை கையொப்பமிட மறுத்த ஆயர்கள் இருவரே. எனவே, இது ஆசிரியரின் கூற்றா, பாத்திரத்தின் கூற்றா என்று ஒவ்வொரு தகவலின்போதும் வினவிக்கொள்ளும் பழக்கம் இவ்வகை நாவலின் வாசகருக்கு இன்றியமையாதது.

நாவல் மிகுதியாகப் பயன்படுத்துவதும், மிகக் குறைவாகப் பார்ப்பதும் லியொனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைத்தான். மிலானின் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே துறவுமடத்து உணவுக்கூடச் சுவரில், 1490களில் தீட்டப்பட்ட அந்த ஓவியத்தில் இயேசுவின் வலப்பக்கம் இருப்பவர் பெண் சீடரான மகதலா மரியா என்று நாவல் வாதிடுகிறது. அவர் உண்மையில் சீடர் யோவானே. தாடியற்ற, நீள்முடி கொண்ட இளைஞராக அவரைத் தீட்டுவது பிளாரன்ஸ் ஓவியர்களின் மரபு என்பதைக் கிர்லாந்தாயோவின் இராவுணவு ஓவியங்களைப் பார்ப்பவர் எளிதில் அறிவார். ஓவியத்தில் தெரியும் கத்தியேந்திய கை எவருடையதுமன்று என்னும் நாவலின் வாதமும் நிலைக்காது; அது பேதுருவின் கை, அந்தக் கைக்கு லியொனார்டோ வரைந்த முன்வரைவு இன்றும் உள்ளது. உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்ற சொல் விழுந்த கணத்தில், சீடர்கள் மூவர் மூவராகச் சிதறிக் குலைய, நடுவில் இயேசு மட்டும் அசையாதிருக்கும் அந்த நாடகத்தை நாவல் ஒரு பூட்டாக மட்டுமே பாவித்துத் திறந்தபின் விட்டுச் செல்கிறது. ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயங்களைப் படிப்பவர், நாவலைவிடப் பெரியதொன்றைக் கண்டடைவார்.

இவ்வகையின் உண்மையான உயரம் உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ (1980) நாவலில் தெரிகிறது. 1327இல் வட இத்தாலியத் துறவுமடம் ஒன்றில் நிகழும் கொலைகளைப் பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ஆராய்கிறார். அதே மடத்தில், கிறிஸ்துவும் சீடர்களும் உடைமை ஏதும் இன்றி வாழ்ந்தனரா என்னும் வழக்கில் திருத்தந்தை இருபத்திரண்டாம் ஜானின் தூதர்களும் பிரான்சிஸ்கன்களும் மோதுகின்றனர். சமயம் இங்கே அலங்காரமன்று. அந்த வழக்கின் விடையைப் பொறுத்துத் திருச்சபையின் செல்வமும் மனிதர்களின் உயிரும் நிலைக்கும் அல்லது வீழும். மேலும், கொலைகளில் ஓர் ஒழுங்கைக் கண்டதாக நம்பும் வில்லியம் அந்த ஒழுங்கு பிழையானது என்று பின்னர் உணர்வதால், குறிகளைப் படிக்கும் அறிவின் எல்லையையும் நாவல் காட்டிவிடுகிறது. பிரவுனிடம் இல்லாத துணிவு இது.

தொடக்கத்து நூறு பக்கங்களைச் சுருக்குமாறு நண்பர்களும் பதிப்பாளர்களும் கேட்டபோது எக்கோ மறுத்தார். மடத்தின் நடைவேகத்துக்கு வாசகர் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. ‘டா வின்சி கோட்’டில் ஏமாந்த வாசகர் அடுத்து எடுக்க வேண்டிய நூல் இதுவே, அந்த நூறு பக்கங்களை மட்டும் தாண்டிச் செல்லாமல் பொறுமையாகப் படிக்க வேண்டும்.