கத்தியைப் பார்த்தவர்கள்

பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் படம் பார்க்கும்போது, முக்கியமான வசனம் வரும் நேரமாகப் பார்த்து ஒரு விமானம் கடந்து போகும். அம்மாவுக்கு அது ஒரு குறையே இல்லை. ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘அடிமைப் பெண்’, ‘நாடோடி மன்னன்’ எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதுவுமில்லாமல் அவர் காத்திருப்பது வசனத்துக்காக அல்ல, வாள்சண்டைக்காக.

சென்ற ஆண்டு அப்படி ஒரு மதியம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் பொறுமை இழந்துவிட்டாள். “ஆயா, இதெல்லாம் எப்படி உக்காந்து பாக்குற? அந்தப் பொண்ணு எதுக்கு இருக்கா? கடத்திட்டுப் போறதுக்கும் காப்பாத்துறதுக்கும்தானே?” என்றாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் எங்கடி அந்தப் பொண்ணப் பாத்தேன்? நான் கத்தியத்தான் பாத்தேன்” என்றார்.

அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். பெண்ணியம் பேசுகிற அத்தை தன் பக்கம்தான் நிற்பாள் என்று நம்பியிருப்பாள். என்னால் உடனே எதுவும் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அம்மாவின் அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்னணி உண்டு. ‘அடிமைப் பெண்’ வெளியான 1969இல் அவருக்குப் பதினேழு வயது. தோல்பொருள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே ஒரு தோல் தொழிற்சாலைதான். இந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு முதல் சம்பளம் தோலிலிருந்து வந்தது. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற வேலை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் நான்கைந்து பேர் சேர்ந்து கொட்டகைக்குப் போவார்களாம். பெண்கள் பக்கத்தில் தரை டிக்கெட். இருட்டில், ஆண்களின் பார்வை படாத அந்த இரண்டரை மணி நேரத்தில், ஒரு உடம்பு கயிற்றைப் பிடித்து மாடத்திலிருந்து மாடத்துக்குத் தாவுவதையும், படிக்கட்டில் பின்வாங்கிக்கொண்டே நான்கு பேரோடு சண்டையிடுவதையும், தப்பித்த பிறகு இடுப்பில் கைவைத்துச் சிரிப்பதையும் பார்த்திருக்கிறார்கள். முதுகு நிமிராமல் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்த உடம்பு அது.

அந்த உடம்புக்கு வெளிநாட்டிலும் ஒரு பூர்வீகம் உண்டு. 1920களில் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், 1930களில் எரால் ஃபிளின். ஹாலிவுட்டின் வாள்வீச்சுப் படங்கள் நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஓடின. நம் ஸ்டுடியோக்கள் அவற்றை எடுத்து ராஜா ராணிக் கதைக்குள் வைத்துத் தைத்தன. 1951இன் ‘மர்மயோகி’யில் ராபின் ஹூட்டின் சாயலைக் காணலாம். ‘நாடோடி மன்னன்’ மன்னனுக்குப் பதில் அவனைப் போலவே இருக்கும் ஒருவனை அரியணையில் உட்கார வைக்கும் ‘பிரிசனர் ஆஃப் ஜெண்டா’ கதையின் உறவுக்காரன். 1965இல் பி.ஆர். பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’, 1935இல் வந்த ‘கேப்டன் பிளட்’டின் நெருங்கிய சொந்தம். இரண்டிலும் நாயகன் மருத்துவன். கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக அடிமையாக விற்கப்பட்டு, பிறகு கடற்கொள்ளையனாகிறான்.

‘கேப்டன் பிளட்’டில் ஓர் ஏலக் காட்சி வருகிறது. ஆளுநர் குடும்பத்துப் பெண்ணான அரபெல்லா, அடிமைச் சந்தையில் நாயகனைப் பத்து பவுண்டு கொடுத்து வாங்குகிறாள். படத்தின் பின்பகுதியில் கணக்கு திரும்புகிறது. கொள்ளையர் கையில் அவள் சிக்குகிறாள். இப்போது விலை கொடுத்து அவளை வாங்குவது அவன். அதற்காகக் கடற்கரையில் ஒரு வாள்சண்டையும் நடக்கிறது. முதல் ஏலத்தை அநீதியாகக் காட்டும் படம், இரண்டாம் ஏலத்தைக் காதலாகக் காட்டுகிறது. அவன் விற்கப்பட்டால் அது அடிமைத்தனம், அவள் விற்கப்பட்டால் கதையின் திருப்பம். தமிழ்ப் படத்திலும் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது. பூங்கொடி தீவின் இளவரசி, மணிமாறன் அடிமை. அவன் தலைவனாக உயர்கிறான், அவள் கொள்ளையரிடம் சிக்கி மீட்கப்பட வேண்டியவளாக இறங்குகிறாள். விடுதலையைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு படம் யாருடைய விடுதலையைப் பற்றிப் பேசவில்லை என்று கேட்டால், என் அண்ணன் மகள் சொன்னது சரிதான்.

ஆனால் தமிழ் வாள்சண்டைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் பெண்கள் வெறுமனே காப்பாற்றப்படுகிறவர்களாக மட்டும் இல்லை. அவர்கள் கையிலும் ஆயுதம் வருகிறது. வந்தபின் என்ன ஆகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1950இன் ‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்வோம். மு. கருணாநிதியின் எழுத்து, மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, குண்டலகேசியின் கதை. பகலில் ராஜகுருவின் மகன், இரவில் கொள்ளைக்காரன் என்றிருக்கும் பார்த்திபன், மனைவி அமுதவல்லியைத் தள்ளிக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். மூன்று முறை உன்னைச் சுற்றி வருகிறேன் என்று பதிவிரதையின் சடங்கைக் கேட்டு வாங்கி, அந்தச் சடங்கின் நடுவே அவனைக் கீழே தள்ளுகிறாள் அவள். மாதுரி தேவி நடித்த அந்தக் காட்சியில் வாள் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தின் எந்த வாள்சண்டையும் அதற்கு ஈடாகாது. படத்தில் எம்.ஜி.ஆர். இருக்கிறார், ஆனாலும் கொடியவனை முடிப்பது அவர் இல்லை.

அடுத்த ஆண்டு ‘மர்மயோகி’ வந்தது. அஞ்சலி தேவியின் ஊர்வசி மன்னனை வீழ்த்தி அரியணையைப் பிடிக்கிறாள். ஆள்கிற பெண் என்றால் சூழ்ச்சிக்காரி, நாட்டியக்காரி, தண்டிக்கப்பட வேண்டியவள் என்ற சூத்திரம் அங்கே தெளிவாகிறது. பிறகு 1958. ‘நாடோடி மன்ன’னின் முன்பாதியில் பானுமதியின் மதனா வாதாடுகிறாள், கேலி செய்கிறாள், நாயகனோடு தோள் சேர்ந்து நடக்கிறாள். பானுமதிக்கும், படத்தை இயக்கித் தயாரித்த எம்.ஜி.ஆருக்கும் கருத்து வேறுபாடு வந்ததும், பானுமதி விலகியதும் திரைப்பட வரலாற்றில் பதிவானவை. மதனா பாதியில் சாகிறாள். அதன்பின் படம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறுகிறது. உலகம் தெரியாமல் ஒரு தீவில் வளர்க்கப்பட்ட ரத்னாவாக சரோஜா தேவி வருகிறார். காரணம் படப்பிடிப்புத் தளத்தில் நடந்த சச்சரவாகவே இருக்கட்டும். திரையில் நாம் பார்ப்பது, வாயாடும் பெண் போய், ஒன்றுமறியாத பெண் வண்ணத்தில் வருவதைத்தான்.

‘அடிமைப் பெண்’ணில் இது இன்னும் சிக்கலாகிறது. தாழ்வான சிறைக்குள் குழந்தையிலிருந்து அடைபட்டு, கூன் விழுந்து, பேச்சும் தெரியாமல் வளர்ந்த வேங்கையனை மனிதனாக்குவது ஜீவா. பேசக் கற்றுத்தருகிறாள், நிமிர்ந்து நிற்க வைக்கிறாள். தமிழகம் நிமிர்ந்த உடம்புக்கு உதாரணமாகப் பார்த்த ஒரு நடிகரின் உடம்பை, கதைக்குள் நிமிர்த்துவது ஒரு பெண். பாடம் முடிந்ததும் ஆசிரியை காத்திருப்பவளாகிவிடுகிறாள். சிங்கத்தோடு சண்டை போடுவது மாணவன். அதே ஜெயலலிதா அதே படத்தில் அரசி பவளவல்லியாகவும் வருகிறார். கற்றுத்தருபவள் நல்லவள், ஆள்பவள் கெட்டவள். ஊர்வசி போட்ட பாதை அது.

ஆக, பெண்ணுக்கு வீரம் இல்லை என்று இந்தப் படங்கள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, இறுதிச் சண்டைக்கு முன்னால் வாங்கி வைத்துக்கொள்கின்றன.

இது இயல்பாக நடந்ததும் அல்ல. எரால் ஃபிளின் ‘கேப்டன் பிளட்’டில் கத்தி வீசிய அதே 1935இல், பம்பாயில் வாடியா சகோதரர்களின் ‘ஹண்டர்வாலி’யில் நாடியா குதிரைமேல் சாட்டையோடு வந்தார். தமிழில் 1937இல் ‘மின்னல் கொடி’. அதில் கே.டி. ருக்மணி ஆண் உடை தரித்துக் கொள்ளைக்காரராகச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். துண்டு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்த் திரையில் கத்தி முதலிலிருந்தே ஆண் கையில் மட்டும் இருக்கவில்லை. ஆனால் அதைப் பழகும் இடங்கள் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. எம்.ஜி.ஆர். தொழில் கற்றது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். அந்த நாடகக் குழுக்களில் பெண் வேடமும் பையன்களுக்குத்தான். வாளும் சிலம்பும் அங்கிருந்து சினிமாவுக்கு வந்தன. ஆட்டமும் பாட்டும் தெரிந்த பெண்கள் வேறு வாசல் வழியாக வந்தார்கள். பின்னாளில் நாயகி சண்டை போட வேண்டுமென்றால் ஆண் ஒருவரே சேலை கட்டி, பொய்முடி வைத்து டூப் போடுவது வழக்கமானது.

ஹாலிவுட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 1951இல் ஜீன் பீட்டர்ஸ் ‘ஆன் ஆஃப் த இண்டீஸ்’ படத்தில் கொள்ளைக் கப்பலின் தலைவி ஆனார். அடுத்த ஆண்டு மொரீன் ஓஹாரா எரால் ஃபிளினுக்கு ஈடாக வாள் எடுத்தார். அவை விதிவிலக்குகள். அரபெல்லாவாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு அப்போது வயது 19. திரையில் மாடியில் நின்று பார்த்த அவர், 1943இல் தன்னை ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டிருந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து வென்றார். ஏழு ஆண்டுக்குமேல் ஒருவரை ஒப்பந்தத்தில் பிடித்துவைக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. யாரும் அவரைக் காப்பாற்ற வரவில்லை.

அப்படியானால் இந்தப் படங்கள் ஏன் இன்னும் நம்மை இழுக்கின்றன? லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை, சினிமாவில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்று வகுத்தது. நம் மாணவிகள் முதலில் படிப்பது அதைத்தான். ஆனால் 1981இல் அவரே அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தார். பெண் பார்வையாளர் சாகச நாயகனோடு தன்னை இணைத்துக்கொள்கிறார், சிறுமியாக இருந்தபோது தனக்கிருந்த, பிறகு கைவிடச் சொல்லப்பட்ட துடிப்பை அங்கே திரும்பப் பெறுகிறார், ஆனால் அந்த இரவல் உடை அவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்றார். அம்மா அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. “நான் கத்தியத்தான் பாத்தேன்” என்று அவர் சொன்னதில் அதன் முதல் பாதி இருக்கிறது.

இரண்டாம் பாதி எனக்குத் தெரியும். 1993இல் கல்லூரியில் சேர்ந்தபோது என்.சி.சி.யில் சேர விண்ணப்பம் வாங்கி வந்தேன். துப்பாக்கி சுடக் கற்றுத்தருவார்கள், முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அம்மா அதை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டார். “அதெல்லாம் வேணாம். நாலு பேர் என்ன பேசுவாங்க?” அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடுத்தது வாள்சண்டைக்குக் கைதட்டிய அம்மா. எனக்கு நெடுநாள் ஆறவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி 1992இல் எழுதிய நூலைப் பின்னர் படித்தபோது, எளியவரின் கோபத்துக்குத் திரையில் வடிகால் கொடுத்துவிட்டு வாழ்க்கையை இருந்தபடியே விட்டுவிடுகின்றன இந்தப் படங்கள் என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருப்பதாக நினைத்தேன்.

2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ டிஜிட்டலில் மீண்டும் வெளியாகி 175 நாட்களைத் தாண்டி ஓடியது. மின்சார ரயிலில் எழும்பூர் போய் அம்மாவும் நானும் பார்த்தோம். திரையில் காப்பாற்றப்படக் காத்திருந்த பதினேழு வயதுப் பெண், அப்போது மாநிலத்தின் முதலமைச்சர். அவர் அரசியலைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். அந்த அரங்கில் அந்த முரணை உணராமல் படம் பார்க்க முடியவில்லை. சண்டைக் காட்சியில் எங்கள் வரிசையில் இருந்த வயதான பெண்கள் விசில் அடித்தார்கள். அம்மாவும் முயன்றார், வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் அந்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டேன். இருபது வருடத்துக்குப் பிறகு. மீனம்பாக்கம் தாண்டும்வரை பேசாமல் இருந்தார். “பயந்துட்டேன். படத்துல கத்தி பிடிச்சவனுக்குக் கதை எழுதினவன் கூட இருக்கான். உனக்கு யார் இருக்கா?” என்றார்.

பாண்டியன் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அம்மா ஏமாந்த பார்வையாளர் அல்ல. அந்த வாள் யார் கையில் இருந்தால் செல்லும், யார் கையில் செல்லாது என்று படத்தைவிடத் தெளிவாக அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அதை ரசித்தார். கிடைக்காத ஒன்றை ஆசையோடு பார்ப்பது, அது தனக்குரியதல்ல என்று ஒப்புக்கொள்வதாகாது.

அண்ணன் மகளுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். இந்தப் படங்களைத் தூக்கி எறிய வேண்டாம், மன்னித்துவிடவும் வேண்டாம். அமுதவல்லி சுற்றி வருவதை, மதனா வாதாடுவதை, ஜீவா கற்றுத்தருவதைப் பார். எந்தக் காட்சியில் அவர்களிடமிருந்து அது பறிபோகிறது என்று குறித்து வை. உன் ஆயாவின் தலைமுறை அந்தக் காட்சிக்குப் பிறகும் இருக்கையை விட்டு எழவில்லை என்றால், அவர்கள் அந்தப் பெண்ணை மறந்தார்கள் என்று பொருளல்ல, கத்தி இன்னும் திரையில் இருந்தது என்று பொருள்.

அவள் இப்போது ஏரிக்கரைப் பக்கம் சிலம்பம் கற்கப் போகிறாள். சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வகுப்பு. சேர்வதற்கான பணத்தைக் கட்டியது அம்மா.