பசுமைச் சிந்தனையின் கிளைகளும் கடைமடையும்

பசுமை அரசியல் என ஒற்றைப் பெயரால் நாம் அழைப்பது, ஒன்றோடொன்று எளிதில் இணங்காத பல சிந்தனைப் போக்குகளின் தொகுதியாகும். மனிதனுக்குப் பயன்படுகிறதா என்று பாராமலேயே ஒவ்வோர் உயிருக்கும் தன்னளவில் மதிப்புண்டு என்னும் 'ஆழ்நிலைச் சூழலிய'லை நோர்வே மெய்யியலாளர் ஆர்னே நேஸ் 1973இல் முன்வைத்தார். அமெரிக்கரான முர்ரே புக்சின் அதனைக் கடுமையாக மறுத்தார். மனிதனை மனிதன் அடக்கியாண்டதிலிருந்தே இயற்கையை அடக்கியாளும் எண்ணம் பிறந்தது. தன்னாட்சி பெற்ற சிற்றூர்களின் கூட்டமைப்பே அதற்கு மாற்று என்பது அவர் நிலைப்பாடு. சந்தையையும் தொழில்நுட்பத்தையும் திருத்தினால் போதும் என்போர் மற்றொரு சாரார். காட்டைக் காப்பதன் பெயரால் அங்கு வாழ்வோரை வெளியேற்றுவது ஏழை நாடுகளுக்கு இழைக்கும் தீங்கென 1989இல் எழுதிய ராமச்சந்திர குஹாவோ, பின்னர் மார்ட்டினெஸ் அலியருடன் சேர்ந்து, பிழைப்புக்காக நிலத்தையும் நீரையும் காக்கப் போராடும் எளியோரின் சூழலியலை நிறுவினார்.

நூல்களில் இவற்றை ஒப்பிடுவது எளிது. காவிரியின் கடைமடையாகிய காரைக்காலில் வைத்து ஒப்பிடும்போதுதான் ஒவ்வொன்றும் தடுமாறும் இடம் தெரியவரும்.

ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதியின் ஒருபுறம் கடல். ஏனைய புறங்கள் தமிழ்நாடு. அரசலாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை உச்ச நீதிமன்றம் 2018இல் மாற்றாமல் விட்டது. எனினும் அந்நீர் தமிழ்நாட்டு மதகுகளைக் கடந்தே வந்துசேர வேண்டும். 2020இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. அண்டை நாகப்பட்டினம் அதன் காப்பில் உள்ளது. அதே வண்டல் மண்ணைக் கொண்ட காரைக்கால் வேறு ஆட்சிப்பரப்பு என்பதால் அச்சட்டம் இங்கு செல்லாது. காவிரிப் படுகை எண்ணெய்ப் பணிகளை நிர்வகிக்கும் ஓ.என்.ஜி.சி. வளாகமோ காரைக்காலின் நிரவியில் இருக்கிறது. மறுதிசையில், 2009 முதல் இயங்கும் வாஞ்சூர்த் துறைமுகம் புதுச்சேரி எல்லைக்குள் உள்ளது. அங்கு இறக்கப்படும் நிலக்கரியின் தூசு பற்றி முறையிட்டு வந்தோர் தமிழ்நாட்டு நாகூர் மக்கள். சட்டம் எல்லையில் நின்றுவிடுகிறது. தூசு நிற்பதில்லை.

ஆழ்நிலைச் சூழலியலுக்கு இங்கே இடமே இல்லை எனலாம். டெல்டாவில் மனிதக் கைபடாத இயற்கை எது? வாய்க்கால், வரப்பு, மதகு யாவும் தலைமுறைகளின் உழைப்பு. சந்தைவாதிகள் தூசுக்கு விலை குறிக்கச் சொல்வர். யார் யாருக்குச் செலுத்துவது என்பதை எந்த அரசு முடிவு செய்யும்? புக்சினின் சிற்றூர்த் தன்னாட்சி உள்ளத்தைக் கவர்வது. ஆயினும் காரைக்காலின் இடரே அது சிறியது என்பதுதான். மேலேயுள்ள சிற்றூர் கீழேயுள்ள சிற்றூருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை எது உறுதிசெய்யும்? கூட்டமைப்பு என்னும் ஒரு சொல் இக்கேள்விக்குப் போதிய விடையாகாது.

எளியோரின் சூழலியலே இம்மண்ணுக்கு மிக அண்மையது. அதற்குச் சான்று இறால் பண்ணை வழக்கு. 1968இன் கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் நிலமற்ற தலித் மக்களுக்கு நிலம் பெற்றுத்தர உழைத்த சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன், நிலத்தடி நீரை உவர்ப்பாக்கிய பண்ணைகளுக்கெதிராக உச்ச நீதிமன்றம் சென்றார். கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்தினுள் அமைந்த பண்ணைகளை, மரபுவழிப்பட்டவை நீங்கலாக, அகற்றுமாறு 11.12.1996 அன்று தீர்ப்பாயிற்று. 2005ஆம் ஆண்டுக் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தடையிலிருந்து பின்னோக்கிய விலக்களித்துத் தீர்ப்பின் வலுவைப் பறித்தது. நீதிமன்றத்தில் பெற்றதை நாடாளுமன்றத்தில் இழக்க நேர்ந்ததை, இப்போக்கினை வியந்து எழுதுவோர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. எளியோரும் ஒரே தரப்பினர் அல்லர். துறைமுகத்தில் கூலி பெறுபவரும் எளியவரே.

நம்மவர் எழுத்துகள் இவ்விவாதத்தில் எங்கே நிற்கின்றன? செய்யித் ஹுசைன் நஸ்ர் 1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள், சூழல் நெருக்கடியை ஆன்மிக நெருக்கடியாகக் கண்ட முன்னோடி ஆக்கம். அவரைத் தொடர்ந்து கிலாஃபத், அமானத், மீஸான் என்னும் கருத்துகளைப் பலரும் விரித்துரைத்தனர். மரம் நடுவதன் நன்மையைக் கூறி முடிவதே நம் கட்டுரைகளின் வழக்கமாயிற்று. இவை ஒழுக்கவியல், அரசியல் அல்ல. தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல இவற்றால் இயலாது. 2015இன் இஸ்தான்பூல் பிரகடனம், செல்வ நாடுகளோடு எண்ணெய் வள நாடுகளையும் பெயர் சுட்டிப் பொறுப்பேற்கச் சொன்னதால் ஒருபடி முன்னே சென்றது. (வளைகுடா வருவாயில் வீடெழுப்பிய நம் ஊர்களில் அப்பகுதியை உரக்க வாசிப்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும்.)

ஃபிக்ஹில் இதைவிட உறுதியான அடித்தளம் உண்டு. மதீனாவின் மஹ்ஸூர் ஓடை பற்றி நபி (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பு முவத்தாவிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது: தலைமடையார் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிய பின் கீழுள்ளோருக்குத் திறந்துவிட வேண்டும். இதில் அளவும் உண்டு, கடமையும் உண்டு. இப்னு குதாமா அல்முக்னீயில் மேலும் செல்கிறார்: கீழே முன்னரே பயிரிட்டு வந்தவர் இருக்க, பின்னர் ஒருவர் மேலே புதிதாக நிலம் திருத்தினால், முன்னவருக்கே நீரில் முன்னுரிமை. இவ்விதி நீரோடு நிற்குமா, காற்றுக்கும் நிலத்தடிக்கும் நீளுமா என்பது திறந்த கேள்வி. உஸ்மானிய மஜல்லா தன் 19ஆம் பிரிவாக அமைத்துக்கொண்ட 'லா ளரர வலா ளிரார்' விதியோடு இணைத்து, நிரவியையும் வாஞ்சூரையும் உதாரணங்களாகக் கொண்டு, நம் மத்ரஸாக்களின் ஃபிக்ஹ் வகுப்புகளில் இதனை ஆராய வேண்டும்.