மீன் சொல்லும் சாட்சி

பதிற்றுப்பத்தின் நாற்பத்திரண்டாம் பாட்டில் பரணர் ஓர் உவமை வைத்திருக்கிறார். வீரனின் மார்புப் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசி, குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் சிரலைப் போன்றது என்பது அது. சிரல் என்பது நாம் மீன்கொத்தி என்றழைக்கும் பறவையே. ஊசியின் போக்கையும் பறவையின் பாய்ச்சலையும் இவ்வாறு இணைத்துக் காண, அப்புலவர் எத்தனை பொழுது நீர்க்கரையில் அசையாதிருந்து நோக்கியிருக்க வேண்டும்! அந்நோக்கையே உரைகல்லாகக் கொண்டு, இன்று எடுக்கப்படும் மீன்கொத்திப் படங்களை மதிப்பிட விரும்புகின்றோம்.

தாராசுரத்து ஐராவதீசுவரர் கோயிற் சிற்பங்களைப் படமெடுக்க வருவோர் பலர். இரண்டாம் இராஜராஜன் காலத்துக் கல், எத்தனை பேர் நெருங்கி நின்றாலும் பொறுத்திருக்கும். ஆனால் அதே கருவியோடு அரசலாற்றங்கரைக்கும் வாய்க்கால் மேட்டுக்கும் செல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: பறவை கல்லன்று. மின்கம்பியில் அமர்ந்து வயலில் தவளையும் நண்டும் வெட்டுக்கிளியும் தேடும் வெண்மார்பு மீன்கொத்தியும், நீரை ஒட்டி அம்பெனப் பறக்கும் சிறு மீன்கொத்தியும் மண்கரையைக் குடைந்து வளை செய்து, அதன் கோடியில் வெண்ணிற முட்டைகளை இடுகின்றன. அந்த வளைவாயிலே இன்றைய படப்பிடிப்பாளர் பலருக்கு மேடையாகிவிட்டது.

பெரிதும் பாராட்டப்படும் படம் எது? நீலச் சிறகு, அலகில் வெள்ளி மீன், நம்மை நோக்கிய பார்வை. இங்கே நாம் முதலில் காண வேண்டியது நிறத்தையன்று; மீனின் தலையை. தான் உண்பதற்குரிய மீனின் தலையை இப்பறவை தன் தொண்டைப் பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். தலை முன்னே சென்றால்தான் செதிலும் முள்ளும் தடுக்காமல் உள்ளே இறங்கும். குஞ்சுக்கோ துணைக்கோ கொண்டு செல்லும் மீனின் தலை வெளிநோக்கியிருக்கும். அவ்வாறு வெளிநோக்கிய மீனைக் கவ்வியபடி, வளைக்கு அருகே, ஒரே கிளையில் நெடும்பொழுது அமர்ந்திருக்கும் பறவையைப் பத்துப் படங்களில் தொடர்ந்து காண்போமாயின், அது நமக்காக அமர்ந்திருக்கவில்லை என உணரலாம். பெரும்பாலும் வளைக்கும் அதற்கும் இடையே ஒருவர் நிற்கிறார். உள்ளே குஞ்சுகள் பசித்திருக்கின்றன. படத்தின் அழகே அதன் குறைக்குச் சாட்சியாகிறது.

"படம்தானே எடுக்கிறோம், சுட்டோமா?" என்பர் சிலர். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் 'வேட்டை' என்னும் சொல்லின் பொருளுக்குள் அடக்கியுள்ளது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பணித்த செய்தியை அபூதாவூத் தொகுப்பில் நாம் அறிவோம். பறவையியலறிஞர் சாலிம் அலி சிறுவயதில் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்ற வினாவே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்றின் தலைப்பிலும் ஒரு குருவியின் வீழ்ச்சியையே அவர் வைத்தார். அவரை ஆக்கியது குண்டன்று, வினா.

அண்மையில் எடுத்த படங்கள் எல்லாம் பழுதென்பது நம் கருத்தன்று. நீரை நேர்க்குத்தாகத் தொடும் மீன்கொத்தியின் ஒரே படத்திற்காக ஸ்காட்லாந்தின் ஆலன் மக்ஃபேடியன் ஆறாண்டுகள் முயன்றார். 2015இல் அது கைகூடியது. மறைவிடத்தில் அமர்ந்து, பறவை தானே வரக் காத்திருப்பது ஒரு கலை. கண்ணாடித் தொட்டியில் உயிர்மீனிட்டு அழைப்பதும், பதிவு செய்த குரலை ஒலித்து ஏய்ப்பதும், வளையை மறைக்கும் செடிகொடிகளை வெட்டுவதும் கலையல்ல. வெட்டிய கொடி காகத்திற்கும் பாம்பிற்கும் வழிகாட்டும். வெளியிட்ட இடக்குறிப்போ நாளைக்கு இன்னும் பத்துப் பேரை அழைத்து வரும்.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் மீன்கொத்திப் படமொன்றைக் கொண்டுவந்து காட்டினால், "எவ்வளவு அழகு!" என்று சொல்லுமுன் ஒன்றைக் கேட்போம்: "மீனின் தலை எந்தப் பக்கம்?" வெளிப்பக்கமெனில், "அது உணவோடு போய்ச் சேர்ந்ததா?" என்றும் கேட்போம்.