திரைக்குப் பின்னே ஒரு முன்கதை

உத்திரமேரூர் என்றதும் படித்தவர்களுக்கு முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு, கோடை பிறந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதமும் நினைவுக்கு வரும். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் வட்டாரத்துக் கூத்து ஜமாக்களுக்கு அதுதான் கைநிறைய வேலை கிடைக்கும் பருவம். பாத்திரங்களுக்கு முன்கதை சொல்லும் கலையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

தொலைக்காட்சி உலகம் அந்தக் கலைக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2013 நவம்பரில் பிபிசி தன் 'டாக்டர் ஹூ' தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதைக்குச் சில நாள் முன்பு, 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' என்று ஏழு நிமிடம் ஓடும் குறும்படம் ஒன்றை வெளியிட்டது. 1996 தொலைக்காட்சிப் படத்தோடு திரையில் காணாமல்போன பால் மெக்கன் நடித்த எட்டாவது டாக்டர், அதாவது தொடர் நாயகனின் எட்டாம் உருவம், அதில் திரும்பி வந்தார். சண்டையே வேண்டாம் என்றிருந்தவர் எப்படிப் போர்வீரனாக மாறினார் என்பதுதான் கதை. பார்வையாளருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி இடைவெளியை அடைப்பது இந்த வகை முன்கதையின் வேலை.

நம் கூத்தில் அப்படி அடைக்க எதுவும் இல்லை. கர்ணன் யார் பெற்ற பிள்ளை என்பது முன்வரிசையில் தூங்கிவழியும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்ததையே சொல்லி ஆளைக் கட்டிப்போட வேண்டும் என்பதால் கூத்து வேறு வழி கண்டது. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது. கீழே சலங்கைக் கால். உள்ளிருந்து விருத்தம் கேட்கிறது, முகவீணை தொடர்கிறது. வருவது யார் என்று கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் துருவித் துருவிக் கேட்க, வேஷக்காரர் தன் குலம், நாடு, பட்ட பாடு எல்லாவற்றையும் தன் வாயாலேயே அளக்கிறார். கட்டியக்காரன் அதை நடுநடுவே கேலி செய்து கெடுக்கவும் செய்கிறான். பாத்திரத்தின் முன்கதை முழுவதும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் 'கர்ண மோட்சம்' கூத்து இந்த விதியையும் மீறுகிறது, அதனால்தான் அது உசத்தி. பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். வியாச பாரதத்தில் இல்லாத பெண் இவள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை அண்டவிடாதவள். அவளிடம்தான் அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். மற்றவர்கள் வந்ததும் சொல்வதை இவன் சாகப்போகும்போது சொல்கிறான். ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம் கட்டியவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. விடியற்காலையில் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்வது செய்தி புதிது என்பதற்காகவா?

இதோடு ஒப்பிட்டால் சின்னத்திரைக் கர்ணர்கள் சோகை பிடித்தவர்கள். 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக வந்த பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' பிறப்பு, வளர்ப்பு, அவமானம் என்று வரிசை பிசகாமல் போனது. 2015-ல் சோனி, கர்ணனுக்கென்றே 'சூர்யபுத்ர கர்ண்' என்று தனித் தொடர் எடுத்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து காட்டினால் கடைசியில் சொல்ல என்ன மிஞ்சும்?

ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் வராமல் இல்லை. திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டெபைட்டல் செஞ்சியை மையமாக வைத்து விரிவாக எழுதினார். 1990-ல் ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் நூல் வந்தது. ஹன்னே டி புருயின் 1998-ல் 'கர்ண மோட்சம்' கூத்தை, பெருங்கட்டூர் ஜமா ஆடியபடியே ஆங்கிலத்தில் தந்தார். அவரும் கூத்துவாத்தியார் பெ. ராஜகோபாலும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்தினார்கள். பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டப் பழகியது சின்ன விஷயமல்ல. இத்தனையிலும் சடங்குக்குக் கிடைத்த கவனம் கதை சொல்லும் நுட்பத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

குறும்படங்களில் அந்த நுட்பத்துக்கு அருகில் வந்தது எஸ். ராமகிருஷ்ணன் எழுதி முரளி மனோகர் இயக்கிய 'கர்ண மோட்சம்'. சென்னைப் பள்ளியொன்றில் ஆட வந்து, நிகழ்ச்சி ரத்தாகி நிற்கும் கூத்துக்காரர் கதை அது. அவர் எந்த ஊர், யாரிடம் ஆடப் பழகினார் என்றெல்லாம் படம் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. கடையில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்கு அவர் அடவு சொல்லிக்கொடுக்கும்போது தானாகவே தெரிந்துவிடுகிறது.