புளி தேய்த்த பித்தளை

வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கு தேய்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கடைப் பவுடர் எதுவும் புளிக்கு ஈடாகாது. ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையே போதும். கொஞ்சம் கல்லுப்பு சேர்த்தால் இன்னும் நல்லது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையில் படிந்த கறுப்பைக் கரைக்க, தேங்காய் நார் அதை வழித்தெடுத்துவிடும். விரலடியில் மஞ்சள் துலங்கி வரும் அந்த நிமிஷம் எத்தனை அழகு!

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிசுக்கின்மேல் புளி பிடிக்காது. திரி எரியும் குழியிலும் தண்டின் மரைகளிலும்தான் அழுக்கு அதிகம் தங்கும், அங்கே அவசரம் கூடாது. கடைசியில் விபூதி தொட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் பளபளப்பு கூடும்.

புளியை மட்டும் மிச்சம் வைக்காமல் நன்றாக அலசிவிடுங்கள். தங்கினால் பச்சைக் களிம்பு ஏறிவிடும்.